தொப்புளுக்கு மூணு விரல் தள்ளி

நோயாளிக்கு ஊசி போடுகிற நர்ஸைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நல்லா இருக்கிறவனுக்கு ஊசி போடுகிற நர்ஸை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் இரண்டாவது ரகம்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, பைபாஸ் ரோட்டை ஒட்டி, ஒரு மருந்துப் பரிசோதனை மையத்தில் எனக்கு வேலை. சில நோய்களுக்கு ஆன்டிபாடி என்ற மருந்தை நரம்பு வழியாக ட்ரிப்ஸில் ஏற்றுவார்கள். அதற்கு ஆஸ்பத்திரியில் பாதி நாள் படுத்துக் கிடக்க வேண்டும். அதே மருந்தை வயிற்றுத் தோலுக்கு அடியில், ஒரு சின்ன மோட்டார் வைத்து மெதுவாக இறக்கிவிட்டால் நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். நல்ல யோசனைதான். ஆனால் தோல் அதைத் தாங்குமா? வீங்குமா, சிவக்குமா, அரிக்குமா, வலிக்குமா? நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால், தாமாக முன்வருகிற ஆரோக்கியமான ஆட்களிடம் அதைப் பார்த்துவிட வேண்டும். தொப்புளுக்கு மூணு விரல் தள்ளி ஊசியைச் செருகுவதும், பக்கத்திலேயே உட்கார்ந்து "எப்படி இருக்கு? இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் என் பொழைப்பு.

பஸ் கண்டக்டர்களே, பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்களே, ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்களே! நாளெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதிலை வாங்கிக்கொள்கிற நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி ஆறுவேன்?

பாடி

வருகிற ஆளுக்கு எல்லாவற்றையும் தமிழில் விளக்கிச் சொல்லி, அவர் புரிந்துகொண்டாரா என்று பார்த்து, அதை வீடியோவிலும் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. விளக்குவது எங்கள் டாக்டரம்மா. சென்னையில் பிறந்து வளர்ந்தவர். யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல ஒரு எழுத்துப் பிசகாமல் படிப்பார். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அகரத்துப் பாண்டியண்ணன். தென்னந்தோப்புக்காரர். தேக்குக் கட்டை மாதிரி உடம்பு.

"தங்கள் தோலுக்கு அடியில் பிறபொருளெதிரி செலுத்தப்படும்" என்று டாக்டரம்மா படித்தார். பாண்டியண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "யாருக்கு எதிரி?" என்றார். டாக்டரம்மா தாளைக் கீழே வைத்துவிட்டு, "அது ஒண்ணுமில்லங்க, ஆன்டிபாடி" என்றார். அண்ணன் முகம் இன்னும் இருண்டுபோச்சு. "பாடின்னா பொணம்ல? செத்தவன்கிட்ட இருந்து எடுக்குறதா?" வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் இடையில் புகுந்தேன். "அப்படியில்லண்ணே. நம்ம ரத்தத்துல காவல்காரன் மாதிரி ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். வெளியில இருந்து கிருமி ஏதும் வந்தா அது போய்ப் புடிச்சுக்கிரும். அதே மாதிரி ஒண்ணைத் தொழிற்சாலையில செஞ்சு மருந்தா வச்சிருக்காக." அண்ணன் செத்த நேரம் யோசித்தார். பிறகு டாக்டரம்மாவை விட்டுவிட்டு, நேராகக் கேமராவைப் பார்த்துச் சொன்னார்:

"அப்பக் காவல்காரன்னே பேரு வச்சிருக்கலாம்ல? ஒரு நல்ல காரியத்துக்கு எதுக்குப் பொணத்தோட பேரை வச்சு மனுசனைக் குலைநடுங்க விடுறீக?"

திடகாத்திரம்

சும்மா வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொள்ள முடியாது. ரத்தம், சிறுநீர், இதயம், ஈரல், கிட்னி என்று ஒன்று விடாமல் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றால்தான் சேர்ப்போம். எங்கள் ஊரில் இந்தப் பரிசோதனையில் தேறியவர்களைவிடத் தோற்றவர்கள்தான் அதிகம். தோற்றவர்கள் ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு, பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள்.

பாண்டியண்ணன் தேறிவிட்டார். ரிசல்ட் கேட்க வந்த அன்றைக்கு அவர் மனைவி செல்வியும் கூட வந்திருந்தார். டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அண்ணன் மீசையை நீவிக்கொண்டே இருந்தார். "இதயம் அருமை. ரத்தம் அருமை. எலும்பு, தசை, மூட்டு எல்லாம் இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கு." செல்வி அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது மெதுவாக, "இடுப்பு?" என்று கேட்டார்.

"இடுப்புக்கு என்னங்க? குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லி எல்லாம் பார்த்துட்டேன். வலி ஏதும் இருக்கான்னு கேட்டேன், வாழ்க்கையில வந்ததே இல்லைன்னு சொன்னாரே!" என்றார் டாக்டரம்மா, சந்தோஷமாக. மீசையை நீவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கல்யாணம் ஆனதிலிருந்து இடுப்பு வலி என்று சொல்லியே மாட்டுக்குத் தண்ணி சுமக்கிற வேலையிலிருந்தும், சாணி அள்ளுகிற வேலையிலிருந்தும் தப்பித்து வந்த மனுஷன் அவர் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? செல்வி அவரைத் திட்டவில்லை, முறைக்கக்கூட இல்லை. டாக்டரம்மா பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"அம்மா, அந்த ரிப்போர்ட்டுல எனக்கும் ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. மாட்டுக் கொட்டகையில ஒட்டி வைக்கணும்."

இலை போட்டுத் தண்ணி தெளித்த கதை

மருந்து இறங்க இறங்க வயிற்றில் அந்த இடம் உப்பிக்கொண்டு வரும். பயப்பட ஒன்றுமில்லை, தானாக வடிந்துவிடும். ஆனால் வரிசையாகப் படுத்திருக்கிற ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு உப்பினால் வார்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேகம்பூரில் பிரியாணி மாஸ்டராக இருக்கிற காஜா பாய் முதலில் தலையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தார். "பணியாரம்" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த கட்டிலில் இருந்த பாண்டியண்ணன், "எனக்குப் பணியாரம் இல்ல பாய், உளுந்த வடை" என்றார். அதற்கப்புறம் வார்டே சாப்பாட்டுக் கடையாகிவிட்டது. நான் அளக்கிற பட்டையை எடுத்துக்கொண்டு போனால், "சிஸ்டர், அவருக்கு எம்புட்டு? எனக்கு எம்புட்டு?" என்று போட்டி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில பேருக்கு மருந்து, சில பேருக்கு மருந்தில்லாத வெறும் நீர். யாருக்கு எது என்று படுத்திருப்பவருக்கும் தெரியாது, ஊசி போடுகிற எனக்கும் தெரியாது. தெரிந்தால் பதிலில் பாரபட்சம் வந்துவிடும். இதையும் வீடியோவில் விளக்கமாகச் சொல்லித்தான் சேர்க்கிறோம். ஆனாலும் மத்தியானத்துக்குள் பாயின் பணியாரம் சிவந்துபோய் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற சேசுராஜுக்கு மட்டும் சிவப்பும் இல்லை, அரிப்பும் இல்லை; சாப்பாடு வருவதற்குள் வீக்கமும் வடிந்துவிட்டது. அவர் கையால் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. எனக்கு வெறும் தண்ணிதானே?" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். "ஊசி போட்டவுக நீங்க. உங்களுக்குத் தெரியாதா?" மருந்து கிடைத்ததாக நம்புகிற பாயும் பாண்டியண்ணனும் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது. அதுதான் அவரை ரொம்பச் சுட்டுவிட்டது. சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்:

"வாங்க வாங்கன்னு கூப்பிட்டு, பந்தியில உக்கார வச்சு, எலையப் போட்டுத் தண்ணியத் தெளிச்சு, அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போன மாதிரில்ல இருக்கு!"

கத்தரிக்காய் விலை

வலிக்கு எண் கேட்போம். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் பழனிச்சாமி சின்னப் பிள்ளை இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர்.

"வலி எத்தனைங்க?" என்றேன். "ஏனுங்க சிஸ்டர், நீங்களே ஒண்ணு சொல்லுங்களே" என்றார். நான் சொல்லக் கூடாது என்றேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, "எட்டு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். டாக்டரம்மா சாப்பிட்ட கையோடு ஓடி வந்து, பிளாஸ்டரை உரித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா?" என்று பதறினார். பழனிச்சாமி அவரை நிதானமாகப் பார்த்து, "பரவால்லீங்க. நீங்களே நேர்ல வந்துட்டீங்க. அஞ்சுக்கு முடிச்சுக்கலாம்" என்றார்.

"வலி குறைஞ்சிடுச்சா?" "வலி அப்படியேதானுங்க இருக்குது. நாம ஒசத்திச் சொன்னாத்தானுங்களே நீங்க கொறைச்சுக் கேப்பீங்க?" டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இங்கே யாரும் குறைத்துக் கேட்க மாட்டார்கள், பேரம் கிடையாது, உண்மையான எண்ணைச் சொன்னால் போதும், அதை வைத்துத்தான் நாளைக்கு நோயாளிகளுக்கு எந்த வேகத்தில் மருந்தை இறக்குவது என்று முடிவு செய்வோம் என்று எடுத்துச் சொன்னார். பேரமே இல்லாத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல், உண்மையைச் சொன்னார்:

"ரெண்டுங்க. அதுலயும் மருந்துக்கு ஒண்ணு, பிளாஸ்டரை உரிக்கையில வயித்து முடியப் புடுங்குனீங்களே, அதுக்கு ஒண்ணு."

எரிச்சல்

அரிப்பு, நமைச்சல், குறுகுறுப்பு, எரிச்சல் என்று எங்கள் தாளில் தனித்தனியாகப் போட்டிருக்கும். தனித்தனியாகக் கேட்க வேண்டும். விடியற்காலை, காபிக்கு முன்னால், சாப்பிட்ட பிறகு, கண்ணயர்ந்த நேரத்தில் என்று விட்டு விட்டுக் கேட்க வேண்டும். சேசுராஜ் மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வேறு. எழுப்ப மனசு வரவில்லை. ஆனாலும் விதி விதிதானே? தோளைத் தொட்டு, "தம்பி, எரிச்சல் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்:

"இம்புட்டு நேரம் இல்ல. இப்ப இருக்கு."

விலகும் உரிமை

"எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம்." இதுவும் தாளில் இருக்கிறது. மற்றவர்கள் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். சேசுராஜ் மட்டும் மனப்பாடம் செய்துவிட்டார்.

முதல் தடவை ரசத்துக்காக. "இதை ரசம்னு சொன்னா நான் விலகுறேன் சிஸ்டர்" என்று தட்டைத் தள்ளினார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். ஆனால் விளையாட்டா வினையா என்று முடிவு செய்கிற உரிமை எனக்கில்லை. உடனே டாக்டரம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அவரும் வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். எப்ப வேணும்னாலும் போகலாம். மனசுக்கு ஏதாவது கஷ்டமா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று தணிவாகக் கேட்டார். சேசுராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, இருக்கேன்" என்றார். மறுநாள் டி.வி.யில் வேறு சேனல் வைத்ததற்காக விலகினார். டாக்டரம்மா வந்தார், உட்கார்ந்தார், கேட்டார். அடுத்தது தலையணைக்காக. அதற்கடுத்தது எதற்கென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை, சும்மா விலகினார்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி இப்படிப் படுத்துறீங்க? போகணும்னா போங்க, இருக்கணும்னா இருங்க. பாவம், அந்தம்மா ஒவ்வொரு தடவையும் மாடியில இருந்து ஓடி வர்றாங்க." அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"வீட்டுல நான் கோவிச்சுக்கிட்டுக் கெளம்பினா, போற போக்குல தண்ணிக் கேனு ஒண்ணு எடுத்துட்டு வான்னு சொல்றாக சிஸ்டர். இங்கதான் ஒரு டாக்டரு பக்கத்துல உக்காந்து ஏன் போறேன்னு கேக்குறாக."

கோலம்

சில நாள் வார்டிலேயே வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்புவோம். மறுநாள் வரும்போது சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். எளிமையான வேலை. சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புவோம்.

பாண்டியண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலை வந்தார். சட்டையைத் தூக்கினார். நான் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் போட்ட வளையம் சுண்டுவிரல் நீளத்துக்கு, கொஞ்சம் கோணலாக இருந்தது. இப்போது அங்கே திருத்தமான ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றித் தாமரை இதழ்கள். இதழுக்கு ஒரு புள்ளி. தொப்புளை மட்டும் ஏன் விட வேண்டும் என்று அதற்கும் ஒரு சின்ன வளைவு. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "மாட்டுக்குத் தண்ணி சுமந்தேனா, வேர்வையில கோடு அழிஞ்சிருச்சு சிஸ்டர். அதான் அவ போட்டு விட்டா" என்றார்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா அழுகையை அடக்கினாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. பழைய கோடு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நாள் அளவு வீண். வாசலில் நின்றிருந்த செல்வியைக் கூப்பிட்டு, இப்படிச் செய்யக் கூடாதும்மா, கோட்டைத் தொடவே கூடாது என்று நான் பக்குவமாகச் சொன்னேன். செல்விக்குக் கோபம் வந்துவிட்டது:

"நீங்க போட்டிருந்தது வட்டமா? அவரு வயித்தை நாலு பேரு பாப்பாகன்னுதான் புள்ளி வச்சு ஒழுங்காப் போட்டு அனுப்புனேன்!"

தொடையில் ஒரு குத்து

இதை மட்டும் சிரித்துக்கொண்டே தொடங்க முடியவில்லை. இரண்டாவது தடவை மருந்து போடுகிற நாள். காஜா பாய்க்கு மோட்டாரைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பாய் ஓயாமல் பேசுகிற ஆள். அரிசியை எப்போது வடிக்க வேண்டும், தம்மை எப்போது உடைக்க வேண்டும் என்று வார்டுக்கே வகுப்பெடுப்பார். அன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். "பாய், எப்படி இருக்கு?" "ஒண்ணுமில்ல சிஸ்டர்." குரல் கரகரவென்று வந்தது. காது மடல் சிவந்திருந்தது. கழுத்தில் பட்டை பட்டையாகத் தடிப்பு. போர்வைக்குள் கையை வைத்து எனக்குத் தெரியாமல் சொறிந்துகொண்டிருக்கிறார்.

மோட்டாரை நிறுத்திவிட்டு மணியை அடித்தேன். டாக்டரம்மா வருவதற்குள் பாயின் உதடு தடித்துவிட்டது, மூச்சில் விசில் சத்தம். இந்த நேரத்துக்கென்றே தயாராக வைத்திருக்கிற ஊசியை எடுத்து, டாக்டரம்மா சொன்ன மாத்திரத்தில், லுங்கிக்கு மேலேயே தொடையில் குத்தினேன். முகத்தில் ஆக்சிஜன் வைத்தோம். பாண்டியண்ணனும் பழனிச்சாமியும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சேசுராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். வார்டில் பாயின் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. தடிப்பு மங்கியது.

"அரிக்க ஆரம்பிச்சப்பவே ஏன் பாய் சொல்லல?" என்று டாக்டரம்மா கேட்டார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தங்கை மகளுக்குக் கைகால் தளர்ந்துபோகிற ஒரு நோய். மாதம் தவறாமல் மதுரைக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். பத்தாவது படிக்கிற பிள்ளை. வீட்டிலேயே வயிற்றில் போட்டுக்கொள்கிற மாதிரி மருந்து வந்தால் அது ஸ்கூலுக்கு லீவு போட வேண்டாமே என்றுதான் அவர் இதில் சேர்ந்திருக்கிறார். "நான் ஏதாச்சும் சொல்லப் போயி, மருந்து சரியில்லைன்னு நீங்க மூடிட்டுப் போயிட்டா?" டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இது அந்தப் பிள்ளையின் நோய்க்கான மருந்து இல்லை, ஆனால் போடுகிற முறை அதேதான் என்றார். "நீங்க மறைச்சா, இதே மாதிரி நாளைக்கு வீட்டுல தனியா இருக்கிற ஒரு பிள்ளைக்கு வரும் பாய். அங்க சிஸ்டர் இருக்க மாட்டாங்க."

அவருக்கு அதற்குமேல் மருந்து போடவில்லை. மற்றவர்களுக்கும் நிறுத்திவைத்தோம். மேலே இருக்கிற குழு எல்லாவற்றையும் அலசிப் பார்த்து, இன்னும் மெதுவாக இறக்கலாம், இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் மறுபடி தொடங்கினோம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே பாய் எழுந்து உட்கார்ந்து சுடச்சுட டீ குடித்தார். தொடையைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தார்:

"வயித்துல போடுறதுக்குத்தான் சிஸ்டர் நான் கையெழுத்துப் போட்டேன். தொடையில குத்துனீங்களே, அதை எந்த வீடியோவுல சொன்னீங்க?"

கோயில் வாசல்

பரிசோதனை முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை. என் மாமியாரைத் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். நல்ல கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஆட்டோ வரிசையில் நின்றிருந்த சேசுராஜ் என்னைப் பார்த்துவிட்டார். "சிஸ்டர்!" என்று ஒரு சத்தம். வணக்கம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆள் காக்கிச் சட்டையைக் கழுத்துவரை தூக்கி, "பாத்தீகளா, ஒரு தழும்பு இல்ல!" என்றார். நான் சிரித்தும் சிரிக்காமலும் தலையாட்டிவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்து வேகமாக நடந்தேன்.

கோயில் வாசலில் தேங்காய்க் கடைக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது யார்? பாண்டியண்ணன். மூட்டையைத் தோளில் இருந்து இறக்கினார், பனியனைத் தூக்கினார். "இங்கனதான் லேசாக் கல்லு மாதிரி இருந்துச்சு, இப்பக் கரைஞ்சிருச்சு. வேணும்னாத் தொட்டுப் பாருங்க சிஸ்டர்!" பூக்கடைக்காரம்மா கையில் இருந்த சரத்தை முழம் போடாமல் என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மூலஸ்தானத்தில் இருக்கிற பெருமாளும் எட்டிப் பார்த்திருப்பார். "சரிண்ணே, ரொம்ப நல்லது, இறக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

சாமி கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, தூணோரம் வந்து உட்கார்ந்தோம். என் மாமியார் துளசியை வாயில் போட்டு மென்றுகொண்டே, அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

"ஏத்தா, நர்சு வேலைன்னுதானே சொன்னாக உங்க வீட்டுல? ஊரு ஆம்பளை பூராம் உன்னயக் கண்டா எதுக்குத்தா சட்டையத் தூக்குறாக?"

மருந்தை மனுஷர்கள் தாங்குகிறார்களா என்று பார்க்க ஒரு டாக்டர், ஒரு மோட்டார், மேலே ஒரு குழு என்று எல்லாம் இருக்கிறது. அந்த மனுஷர்களை நான் தாங்குகிறேனா என்று பார்க்கத்தான் இன்னும் யாரும் ஒரு பரிசோதனை ஆரம்பிக்கவில்லை.